கஃபீலின் கையொப்பம்: வளைகுடா நாடுகளில் அயலார் வதிவிட ஆவணமுறை உருவான வரலாறு

அயல்நாட்டார் ஒருவரை உள்ளே அனுமதிப்பதும், அவர் எவ்வளவு காலம் தங்கலாம் என வரையறுப்பதும், காலம் முடிந்தபின் திருப்பி அனுப்புவதும் இக்கால அரசுகள் வேறெவருக்கும் விட்டுக்கொடுக்காத அதிகாரங்களாகக் கருதப்படுகின்றன. சவூதி அரேபியா, குவைத், பஹ்ரைன், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஓமன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளுக்கு இந்தப் பொதுவிதி நெடுங்காலம் பொருந்தவில்லை. அங்கே அயலார் ஒருவர் நாட்டுக்குள் வருவதற்கும், வேலையை மாற்றிக்கொள்வதற்கும், சில நாடுகளில் விமானமேறி ஊர் திரும்புவதற்கும்கூட ஒரு தனியாளின் அல்லது நிறுவனத்தின் கையொப்பம் தேவைப்பட்டது. அவ்வாறு கையொப்பமிடும் பொறுப்பாளி கஃபீல் எனவும், அவரை மையமாகக் கொண்ட ஏற்பாடு கஃபாலா எனவும், அவருடைய பொறுப்பின்பேரில் அரசு வழங்கும் வதிவிட உரிமம் இகாமா எனவும் அழைக்கப்படுகின்றன. பிறருடைய கடனுக்கோ கடமைக்கோ ஒருவர் பிணை நிற்பதை இசுலாமிய வணிகச் சட்டம் கஃபாலா என்ற பெயரால் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தாலும், குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு அது கருவியானது கடந்த நூறாண்டுக்குள்தான். அந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அண்மைக்காலச் சீர்திருத்தங்கள் கையொப்பத்தின் வலிமையை எந்த அளவுக்குக் குறைத்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முத்துக்குளிப்பும் பிணையும்

கஃபாலா முறை பாலைவனப் பழங்குடிகள் தம்மை நாடி வந்த விருந்தினருக்கு அடைக்கலம் தந்த வழக்கத்தின் தொடர்ச்சி என்னும் விளக்கம் பல நூல்களில் மீண்டும் மீண்டும் கூறப்பட்டு வந்துள்ளது. இவ்விளக்கம் கேட்பதற்கு இனியதாயினும் சான்றுகளோடு ஒத்துவரவில்லை. பஹ்ரைன் ஆய்வாளர் ஒமர் அல்ஷெஹாபி 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், இம்முறையின் தொடக்கம் 1920-களில் பிரித்தானிய அதிகாரிகள் பஹ்ரைனில் மேற்கொண்ட நிர்வாக நடவடிக்கைகளில் இருப்பதாக வாதிட்டார். அவருடைய வாதத்தைப் புரிந்துகொள்ள அக்காலத்து வளைகுடாவின் சட்டநிலையைச் சற்று விரிவாக நோக்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டு தொடங்கிச் செய்துகொண்ட உடன்படிக்கைகளின் வழியாக வளைகுடாக் கரையோரச் சிற்றரசுகள் ஒவ்வொன்றாகப் பிரித்தானியப் பாதுகாப்பின்கீழ் வந்தன. குவைத் 1899-இலும் கத்தார் 1916-இலும் அவ்வாறு இணைந்தன. 1947 வரை அவற்றைக் கண்காணித்தது இலண்டனைக் காட்டிலும் இந்திய அரசாங்கமே. இந்திய ரூபாயே அங்கு செலாவணியாக இருந்தது. 1913-இல் வெளியிடப்பட்டு 1919-இல் நடைமுறைக்கு வந்த பஹ்ரைன் அரசாணை, அங்கிருந்த பிரித்தானியக் குடிமக்களையும் (இந்தியரும் அப்போது அவர்களுள் அடக்கம்) பிற அயலாரையும் உள்ளூர் ஆட்சியாளரின் நீதி அதிகாரத்திலிருந்து விலக்கிப் பிரித்தானிய அரசியல் முகவரின் நீதிமன்றத்தின்கீழ் வைத்தது. இதன் விளைவாக, ஒருவர் உள்ளூர்க்காரரா அயலாரா என்பது எந்த நீதிமன்றம் அவரை விசாரிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வியாக மாறியது. அதுவரை பாரசீகக் கரைக்கும் அரபுக் கரைக்கும் இடையே தடையின்றிச் சென்றுவந்த மக்கள், இப்போது ஏதேனும் ஒரு பட்டியலுள் அடைபட வேண்டியவராயினர்.

அன்றைய பஹ்ரைனின் செல்வம் முத்துக்குளிப்பிலிருந்து வந்தது. நாகுதா எனப்படும் படகுத் தலைவர் முத்துக்குளிப்போரைப் பல கரைகளிலிருந்தும் திரட்டிவந்து, பருவத் தொடக்கத்தில் முன்பணம் தந்து, அக்கடனால் அவர்களை ஆண்டுக்கணக்கில் பிணைத்து வைத்திருந்தார். பிரித்தானியர் 1920-களில் இத்தொழிலில் கணக்குச் சீர்திருத்தங்களைப் புகுத்தியபோது, வெளியிலிருந்து வரும் ஆயிரக்கணக்கானோரைக் கண்காணிப்பதற்குப் போதிய காவலரோ எழுத்தரோ அவர்களிடம் இல்லை. ஆகவே, ஆளைக் கொண்டுவந்தவரே அவர் நடத்தைக்கும் அவர் திரும்பிச் செல்வதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஏற்பாடு வசதியாகத் தோன்றியது. அரசுக்குச் செலவில்லை, பொறுப்பை ஏற்பவருக்கோ தொழிலாளிமீது கூடுதல் பிடி கிடைத்தது. கஃபாலாவின் பிற்கால வடிவங்கள் அனைத்திலும் இவ்விரு நலன்களின் உடன்பாட்டைக் காணலாம் என்பதால், அல்ஷெஹாபியின் வாதம் விருந்தோம்பல் விளக்கத்தைவிட ஏற்கத்தக்கதாக உள்ளது.

ஜப்பானின் வளர்ப்பு முத்துகளாலும் 1929-க்குப் பின் நேர்ந்த உலகப் பொருளாதார மந்தத்தாலும் முத்துத்தொழில் வீழ்ந்தது. பஹ்ரைனில் 1932-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும், பொறுப்பாளியின் இடத்துக்கு எண்ணெய் நிறுவனம் வந்தது. வேலைக்கு வெளியாட்கள் தேவைப்பட்டால் பிரித்தானியக் குடிமக்களுக்கு முதன்மை தரவேண்டும் என்று ஆங்கிலேயர் வற்புறுத்தியதால், எழுத்தர், கைவினைஞர், இயந்திரப் பணியாளர் ஆகியோர் இந்தியத் துறைமுக நகரங்களிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் எடுக்கப்பட்டனர். இந்தியப் பக்கத்திலும் இதற்குரிய ஆவணக் கட்டுப்பாடுகள் அப்போதுதான் உருவாகியிருந்தன. முதல் உலகப்போருக்கு முன் பெரும்பாலான பயணங்களுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை; போர்க்காலத்தில் புகுத்தப்பட்ட அக்கட்டுப்பாடு 1920-ஆம் ஆண்டின் சட்டத்தால் நிலைபெற்றது. அடுத்து வந்த 1922-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், ஒப்பந்தக்கூலி முறையின் கொடுமைகளுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் விளைவாக, திறன்சாராத் தொழிலாளரை அரசு அறிவித்த நாடுகளுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வரம்பிட்டது. ஆளை அனுப்பும் நாடு ஒப்பந்தத்தைப் பார்வையிடுவதும் ஆளைப் பெறும் நாடு பொறுப்பாளியைக் கேட்பதுமான இரட்டை ஆவணமுறைக்கு அடிப்படை இவ்வாறு இடப்பட்டது.

எண்களால் அறியப்பட்ட மனிதர்கள்

கஃபாலா சட்டநூலுள் நுழைந்த காலம் 1950-கள். சவூதி அரேபியா 1952-இல் தன் வதிவிட ஒழுங்குமுறையை வெளியிட்டது. குவைத் 1959-இல் குடியுரிமைச் சட்டத்தையும் அயலார் வதிவிடச் சட்டத்தையும் ஒரே ஆண்டில் இயற்றியது தற்செயலானதன்று. 1920-க்கு முன்பே குவைத்தில் குடியமர்ந்து தொடர்ந்து வாழ்ந்த குடும்பத்தினரை முதற்குடிகளாக முன்னைய சட்டம் வரையறுக்க, அவ்வரையறைக்கு வெளியே நின்றோர் எவ்வாறு வரலாம், எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதைப் பின்னைய சட்டம் கூறிற்று. எண்ணெய் வருவாயில் பங்கு பெறுவோர் யார் என்ற எல்லைக்கோடு ஒரு சட்டத்தில் தொடங்கி மற்றதில் முடிந்தது. 1971-இல் உருவான ஐக்கிய அரபு அமீரகம் 1973-இல் தன் வதிவிடச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் விலை பன்மடங்காக உயர்ந்து, கட்டுமானப் பணிகள் பெருகி, தெற்காசியாவிலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தபோது, அவர்களை ஏற்பதற்கான ஆவணச் சட்டகம் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தது.

குவைத்தின் ஏற்பாடு இவற்றுள் மிகவும் நுணுக்கமானது. 1987-ஆம் ஆண்டின் 640-ஆம் எண் அமைச்சக ஆணை வதிவிட உரிமங்களை விதி எண்களாகப் பகுத்தது: அரசுப் பணியாளர் 17-ஆம் விதியிலும், தனியார் துறையினர் 18-ஆம் விதியிலும், வீட்டுப் பணியாளர் 20-ஆம் விதியிலும், குடும்பத்தினர் 22-ஆம் விதியிலும் அடங்கினர். இவ்வெண்கள் அலுவலக மொழியிலிருந்து தெருமொழிக்கு இறங்கின. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் குவைத் செல்வோர் தம் நிலையை "18-ஆம் நம்பர்", "20-ஆம் நம்பர்" என்றே குறிப்பிடுகின்றனர். 20-ஆம் எண்ணுக்குக் காதிம் விசா என்ற பெயரும் உண்டு. எண்ணின் வேறுபாடு வாழ்க்கையின் வேறுபாடாக இருந்தது. 20-இல் வந்தவர் தன்னை வரவழைத்த வீட்டுக்கு வெளியே வேலை செய்தால் அது சட்டமீறல். 20-இலிருந்து 18-க்கு மாறுவதற்கு உள்துறை அமைச்சகம் எப்போதாவது குறுகிய காலத்துக்கு வாயிலைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2024 ஜூலை நடுவில் தொடங்கி இரண்டு மாதங்கள் அத்தகைய வாய்ப்பு ஒன்று அளிக்கப்பட்டது.

உரிமம் ஒன்று மட்டுமே என்றால் அதன் சுமை பொறுக்கத்தக்கதாக இருந்திருக்கும். நடைமுறையில் இகாமா பிற ஆவணங்கள் அனைத்துக்கும் தாயாவணமாக விளங்குகிறது. ஊரில் வளைகுடா நாடுகள் ஏற்ற மருத்துவ மையமொன்றில் காசநோய்க்கும் குருதிவழித் தொற்றுகளுக்குமான சோதனைகளைக் கடந்தவர், வந்திறங்கியதும் அச்சோதனைகளை மறுபடி செய்து, கைரேகை பதித்து, இகாமா பெற்று, அதன்பின்னரே குடியியல் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். பேச்சுவழக்கில் பத்தாக்கா என்று வழங்கும் இவ்வட்டை இல்லையேல் வங்கிக் கணக்கோ, தொலைபேசி இணைப்போ, வாடகை ஒப்பந்தமோ இல்லை. வாகன ஓட்டுநர் உரிமமும் இத்தொடரின் ஒரு கண்ணியே. குவைத்தில் பல ஆண்டுகளாக, அயலார் அவ்வுரிமம் பெற இரண்டாண்டு வதிவிடமும், பட்டப்படிப்பும், 600 தினார் மாத ஊதியமும் தேவைப்பட்டன. சில தொழில்களுக்கு விலக்கு இருந்தது. விலக்கு பெற்ற தொழிலை விட்டு வேறொரு தொழிலுக்கு மாறினால் ஓட்டுநர் உரிமமும் கேள்விக்குள்ளானது. வண்டி ஓட்டும் திறனுக்கும் இகாமாவில் எழுதப்பட்ட தொழிற்பெயருக்கும் என்ன தொடர்பு என்ற வினாவுக்குப் போக்குவரத்து நெரிசலைக் காட்டிலும் சிறந்த விடை எதுவும் தரப்பட்டதில்லை.

மனைவி மக்களை உடனழைத்து வைத்துக்கொள்வதும் ஊதிய வரம்புக்கு உட்பட்டது. குவைத் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நிறுத்திவைத்திருந்த குடும்ப விசாவை 2024 தொடக்கத்தில் மீண்டும் வழங்கியபோது வரம்பை 800 தினாராக்கியது. அமீரகம் 2019-இல் 4000 திர்ஹம் ஊதியம், அல்லது 3000 திர்ஹத்தோடு தங்குமிடம் என வகுத்தது. கட்டுமானத் தொழிலாளியின் ஊதியம் இவ்வரம்புகளுக்கு வெகுதொலைவில் இருப்பதால், அவரைப் பொறுத்தவரை குடும்ப வாழ்வு என்பது ஈராண்டுக்கொருமுறை வரும் விடுப்பாகவே அமைந்துவிட்டது. சவூதி அரேபியா 2017 ஜூலை முதல் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, ஆண்டுதோறும் 100 உயர்த்தி 2020-இல் 400 ரியாலாக்கியதும், நடுத்தர ஊதியம் பெற்ற பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியராயினர்.

இத்தகைய ஆவணச் சூழலில் இரண்டு இடையாள்கள் தோன்றினர். நிறுவனத்தின் சார்பில் அமைச்சகங்களுக்கு அலைந்து, எந்தச் சாளரத்தில் எந்த நேரத்தில் எந்த முத்திரை கிடைக்கும் என்பதை அறிந்திருந்த அலுவலர் மந்தூப் எனப்பட்டார். படிவங்கள் அரபு மொழியில் இருந்தாக வேண்டும் என்பதால், அமீரக நகரங்களில் அரசு அலுவலகங்களை ஒட்டி டைப்பிங் சென்டர்கள் பெருகின. அவற்றில் பணிபுரிந்தோருள் மலையாளிகளும் தமிழரும் கணிசமானோர். அயலாரின் விண்ணப்பத்தை அயலாரே தட்டச்சு செய்து, கட்டண வில்லை ஒட்டி, விதிமாற்றத்தையும் விளக்கிச் சொல்லும் இந்தச் சிறுகடைகள், எந்தச் சட்டநூலிலும் இடம்பெறாத ஆனால் சட்டத்தின் இயக்கத்துக்கு இன்றியமையாத அமைப்புகளாக இருந்தன.

விசாவின் விலை

மானிடவியலாளர் லொங்வா 1997-இல் குவைத்தைப் பற்றி எழுதிய நூல், அரசின் அதிகாரம் குடிமக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டதால் குடிமக்கள் ஒவ்வொருவரும் அயலார்மீது ஆட்சி செலுத்தும் நிலை உருவானது எனக் காட்டியது. அதிகாரம் தனியார் கைக்கு வந்தபின் அதற்குச் சந்தை விலை ஏற்படுவது இயல்பே. தன்னிடம் வேலை எதுவும் இல்லாத கஃபீல் ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு விசா எடுத்துத் தருவதும், வந்தவர் வெளியே கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, இகாமா புதுப்பிக்கும்போதெல்லாம் கஃபீலுக்குப் பணம் கட்டுவதுமான ஏற்பாடு "ஃப்ரீ விசா" எனப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய இவ்விசாவில் இருந்த சுதந்திரம் வேலை தேடிக்கொள்ளும் சுதந்திரம் மட்டுமே. சட்டத்தின் கண்ணில் அவர் கஃபீலிடம் வேலை செய்யாத குற்றவாளி. வணிக உரிமத்திலும் இதே கதைதான். அமீரகத்தின் 1984-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 51 விழுக்காட்டுப் பங்கு குடிமகனிடம் இருக்கவேண்டும் என்றதால், சிறு கடை நடத்திய அயலார் பெயரளவுப் பங்காளிக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தி வந்தனர். இவ்விதி பெரும்பாலான தொழில்களுக்கு 2021 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டது.

கஃபீலுக்கு வாய்த்த மிகக் கடுமையான கருவி, தொழிலாளி ஓடிவிட்டார் என்று அறிவிக்கும் உரிமையாகும். சவூதியில் ஹுரூப் எனப்படும் இவ்வறிவிப்பு பதிவானதும் இகாமா செயலிழக்கும். வேலையும் வங்கிக் கணக்கும் ஒரே நாளில் கைவிட்டுப் போவதோடு, ஊர் திரும்பவும் வழியிராது. ஊதிய பாக்கியைக் கேட்டவர்மீது பழிவாங்கும் நோக்கில் ஹுரூப் பதிவு செய்யப்பட்டதைத் தொழிலாளர் அமைப்புகள் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளன. ஆவணம் இழந்தோரின் எண்ணிக்கை பெருகும்போதெல்லாம் அரசுகள் பொதுமன்னிப்பு அறிவித்துத் தண்டமின்றி வெளியேற வாய்ப்பளித்தன. அமீரகத்தில் 1996, 2003, 2007, 2018, 2024 ஆகிய ஆண்டுகளிலும், சவூதியில் நிதாகத் எனப்படும் உள்நாட்டார் வேலை ஒதுக்கீட்டுத் திட்டத்தைத் தொடர்ந்து 2013-இலும் இவை நிகழ்ந்தன. இத்தனை முறை மன்னிக்க நேர்ந்ததே, குற்றம் தனியாள்களின் ஒழுக்கத்தில் இல்லை, விதியமைப்பில் இருந்தது என்பதற்குப் போதிய சான்று.

ஆளை அனுப்பிய நாடுகளும் தம் பங்குக்கு ஆவணங்களைக் கூட்டின. இந்தியாவின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், ஆள்சேர்ப்பு முகவர் பதிவு பெற்றிருக்கவேண்டும் எனவும், விலக்குப் பெறாதவர் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் ஒப்புதல் பெறவேண்டும் எனவும் விதித்தது. குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை எனப் பொருள்படும் ஈசிஆர் பாஸ்போர்ட் என்ற வழக்கு இதிலிருந்து வந்தது. இலங்கை 1985-இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவியது. கல்விச் சான்றிதழ்களுக்கோ மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், செல்லும் நாட்டின் தூதரகம் என முத்திரைமேல் முத்திரை வேண்டியிருந்தது. அயல்நாட்டு ஆவணங்களுக்கு ஒரே சான்று போதும் என வகுத்த 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தாலும், ஓமன் 2012-இலும், பஹ்ரைன் 2013-இலும், சவூதி 2022 டிசம்பரிலுமே அதன்கீழ் வந்தன.

கையொப்பத்திலிருந்து கணினிக்கு

முறையைக் கலைக்கும் முதல் முயற்சி பஹ்ரைனில் நடந்தது. அங்கு 2006-இல் அமைக்கப்பட்ட தொழிற்சந்தை ஒழுங்குமுறை ஆணையம், 2009-இல் கஃபீலின் இசைவின்றியே வேலை மாறலாம் என்று ஆணையிட்டது. தொழில்முனைவோரின் எதிர்ப்புக்குப் பின் 2011-இல் ஓராண்டு காத்திருப்பு சேர்க்கப்பட்டது. தொழிலாளி தனக்குத் தானே பொறுப்பாளியாக இருக்க வழிசெய்த 2017-ஆம் ஆண்டின் நெகிழ்வு உரிமமும் ஐந்தாண்டுகளில் கைவிடப்பட்டது. கத்தாரின் மாற்றங்களுக்குப் பின்னணி வேறு. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அந்நாட்டுக்கு 2010-இல் வழங்கப்பட்டதும் உலகின் பார்வை அங்கே திரும்பியது. 2014-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் முறையீடு எழுந்தது. 2018-இல் அவ்வமைப்பு தோகாவில் அலுவலகம் திறந்தது. அதே ஆண்டு பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதிச்சீட்டும், 2020-இல் வேலை மாறத் தேவைப்பட்ட மறுப்பின்மைச் சான்றும் நீக்கப்பட்டன. ஓமன் 2021 தொடக்கத்திலும், சவூதி 2021 மார்ச் 14-இலும் இவ்வழியில் அடியெடுத்து வைத்தன. ஆனால் சவூதியின் மாற்றம் வீட்டுப் பணியாளரையும் வீட்டு வாகன ஓட்டுநரையும் தோட்டக்காரரையும் தொடவில்லை. கஃபீலின் பிடி மிகுதியாக இருந்த இடத்திலேயே அது தொடர அனுமதிக்கப்பட்டது என்பது இச்சீர்திருத்தத்தின் பெருங்குறை.

இதே காலத்தில் காகிதம் மறையத் தொடங்கியது. முசுலிம்களுக்குப் பச்சை அட்டையும் பிறருக்குப் பழுப்பு அட்டையுமாக இருந்த சவூதி இகாமாப் புத்தகம் நெகிழி அட்டையாகிப் பின்னர் கைப்பேசிச் செயலிக்குள் புகுந்தது. அமீரகம் 2022 ஏப்ரலில் கடவுச்சீட்டில் விசா ஒட்டுவதை நிறுத்தி அடையாள அட்டையே போதும் என்றது. மந்தூபின் அலைச்சல் குறைந்தது. ஹுரூப் பதிவானதைத் தொழிலாளி தானே திரையில் பார்த்து அறிய முடிந்தது. மேல்தட்டினருக்கோ முற்றிலும் புதிய பாதை திறந்தது. 2019-இல் சவூதி சிறப்பு வதிவிட உரிமத்தையும் அமீரகம் கோல்டன் விசாவையும் அறிமுகப்படுத்தின. முதலீடோ உயர்திறனோ உடையவர் கஃபீல் இன்றி நீண்டகாலம் தங்கலாம். பொறுப்பாளியின்றி வாழும் உரிமை இவ்வாறு செல்வத்தோடும் கல்வியோடும் இணைக்கப்பட்டது.

இம்மாற்றங்களைக் கஃபாலாவின் முடிவு என்று கூறுவது மிகை. கஃபீலிடம் இருந்த அதிகாரத்தின் ஒரு பகுதியை அரசு தன் கணினிக்கு மீட்டுக்கொண்டது என்பதே பொருந்தும் கூற்று. தொழிலாளியின் கைக்கு வந்தது அதில் சிறுபங்கு. வேலை முடிந்தால் வதிவிடமும் முடியும் என்ற அடிப்படை விதி பெரும்பான்மையோருக்கு ஆறு நாடுகளிலும் நீடிக்கிறது. ஆட்சியாளர் விரும்பினால் நீக்கிய விதியைத் திரும்பக் கொணர்வதற்குச் செயலி தடையாகவும் இல்லை. குவைத் 1959-ஆம் ஆண்டின் வதிவிடச் சட்டத்தை விலக்கி 2025 ஜனவரியில் புதிய சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. விசா விற்பனைக்கு அதில் கடுந்தண்டனை உண்டு. அவ்வாண்டு ஜூலை 1 முதல், 18-ஆம் விதியின்கீழுள்ள தொழிலாளர் நாட்டைவிட்டுப் புறப்படும் ஒவ்வொரு முறையும் முதலாளியின் ஒப்புதலை மின்வழியாகப் பெற்றாக வேண்டும் என்ற விதியும் அங்கே நடைமுறைக்கு வந்தது.